லயோஷ் வைடா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹங்கேரி ஓவியர் என்றால் நம்மில் பலருக்கு முதலில் அம்ரிதா ஷெர்-கில் நினைவுக்கு வருவார், அவருடைய அம்மா ஹங்கேரிக்காரர் என்பதால். நவீன ஓவியத்தோடு பழக்கம் உள்ளவர்கள் விக்டர் வாஸரெலி, மொஹோய்-நாஜ் என்று இரண்டு பெயர் கூடுதலாகச் சொல்வார்கள். லயோஷ் வைடாவைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. 33 வயதில் இறந்துபோன, பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே வேலை செய்த இவரைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த லயோஷ் வைடா?

1908 ஆகஸ்ட் 6 அன்று மேற்கு ஹங்கேரியில் ஸாலாஎகெர்செக் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1941 செப்டம்பர் 7 அன்று காசநோயால் இறந்தார். அவர் முதிர்ச்சியோடு வேலை செய்த காலம் என்று பார்த்தால் 1934இல் பாரிஸிலிருந்து திரும்பியதிலிருந்து 1940 வரை, ஆறேழு வருடம்தான். அந்த ஆறேழு வருடத்துக்குள் மூன்று தடவை தன் வரையும் முறையை முழுசாக மாற்றியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் முந்தையதில் கற்றுக்கொண்டதைக் கையிலேயே வைத்துக்கொண்டு. இன்று ஹங்கேரியில் இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தைப் பற்றிப் பேச வந்த யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. வெளியே நிலைமை வேறு.

பெயரில் எது குடும்பப் பெயர்?

வைடாதான் குடும்பப் பெயர். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள், ஆகவே அங்கே அவர் வைடா லயோஷ். இணையத்தில் படங்கள் தேடும்போது இரண்டு வரிசையிலும் தேடிப் பாருங்கள், ஹங்கேரி வரிசையில் தேடினால் நிறையப் படங்கள் கிடைக்கும். போலந்து சினிமா இயக்குநர் வைடாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர் வேறு.

சின்ன வயது எப்படி இருந்தது?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது குடும்பம் செர்பியாவுக்குப் போனது, பள்ளிப் பருவத்தில் பல வருடம் அங்கே கழிந்தது. 1923இல் ஹங்கேரிக்குத் திரும்பி வந்து, புடாபெஸ்டுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் சென்டென்ட்ரே என்ற சின்ன ஊரில் குடியேறினார்கள். அந்த ஊரும் செர்பியர்கள் கட்டியெழுப்பிய ஊர்தான். யூதக் குடும்பத்துப் பையன், ஹங்கேரிய மொழி, சுற்றிலும் செர்பிய ஆர்த்தடாக்ஸ் கோயில்கள், உள்ளே தங்கப் பின்னணியில் ஐகான்கள் எனப்படும் புனிதர் படங்கள் என்று எல்லாம் சேர்ந்தே வளர்ந்தார். பின்னாளில் அவர் படத்தில் ஒரு உருவத்தின் மேல் இன்னொரு உருவம் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது இந்தப் பின்னணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியக் கல்லூரியில் என்ன தகராறு?

1920களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் உள்ள நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார், ஆசிரியர் இஷ்த்வான் சோக். அதே சமயத்தில் கவிஞரும் ஓவியருமான லயோஷ் கஷ்ஷாக் நடத்திவந்த இடதுசாரிக் குழுவோடு இவருக்கும் நண்பர்களுக்கும் தொடர்பு இருந்தது. ரஷ்யக் கன்ஸ்ட்ரக்டிவிசம் (வடிவங்களைக் கட்டடம்போல் கணக்காகக் கட்டும் கலைப் போக்கு), புதிய அச்சு வடிவமைப்பு, ஒளிப்படம், கூட்டுக் கவிதை வாசிப்பு எல்லாம் அங்கேதான் அறிமுகம். இந்த மாணவர்களின் படங்கள் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டதும் கல்லூரி நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை, 1930இல் வைடா உட்படச் சிலர் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அந்த நண்பர் கூட்டத்தைப் பாருங்கள். ஜோர்ஜ் கெபெஷ் பிறகு அமெரிக்கா போய், எம்ஐடியில் கலையையும் அறிவியலையும் இணைக்கும் ஓர் ஆய்வு மையத்தை 1967இல் தொடங்கினார். அலெக்சாண்டர் டிராவ்னர் பிரெஞ்சு சினிமாவில் பெரிய கலை இயக்குநராகி, பிறகு ஹாலிவுட்டில் ஆஸ்கர் விருதும் வாங்கினார். டெஷோ கோர்னிஷ் ஹங்கேரியிலேயே இருந்து 1984 வரை வாழ்ந்தார். ஒரே வகுப்பறைச் சூழலிலிருந்து கிளம்பியவர்கள் எல்லாரும், வைடா ஒருவருக்குத்தான் ஆயுள் இல்லை.

பாரிஸில் என்ன செய்தார்?

1930இல் போய் 1934 வரை இருந்தார். வறுமைதான், சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட வருடங்கள். ஆனால் பார்த்தது நிறைய. பிக்காசோவின் படங்களையும், பொருள்களை உடைத்துப் பல கோணங்களில் ஒரே நேரத்தில் காட்டும் கியூபிசத்தையும் நேரில் பார்த்தார், அருங்காட்சியகங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த முகமூடிகளையும் சிற்பங்களையும் பார்த்தார். எல்லாவற்றையும்விட அவரைப் பிடித்துக்கொண்டது சோவியத் சினிமா என்று நினைக்கிறேன். ஐசன்ஸ்டைனும் புடோவ்கினும் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வெட்டி ஒட்டி, இரண்டிலும் தனித்தனியே இல்லாத ஒரு மூன்றாவது அர்த்தத்தை எடுத்தார்களே, அந்த மாண்டாஜ் முறையை அவர் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்.

படப் பத்திரிகைகளிலிருந்து ஒளிப்படங்களை வெட்டி ஒட்டிச் செய்த போட்டோமாண்டாஜ்கள்தான் பாரிஸ் காலத்தின் முக்கியமான வேலை. போர், பசி, கொடுமை, அதன் பக்கத்திலேயே மென்மையான ஏதாவது ஒன்று. ‘சிறுத்தையும் லில்லியும்’ என்பது இவற்றில் ரொம்பப் பேர் அறிந்த ஒன்று. பெர்லினில் அதே காலத்தில் இதே முறையை அரசியல் கேலிக்குப் பயன்படுத்தினார்கள். வைடாவிடம் கேலி கிடையாது. துக்கமும் பயமும் உண்டு, ஒரு விதமான பிரார்த்தனை மனநிலையும் உண்டு.

காந்தி படம் ஒன்று செய்திருக்கிறாராமே, உண்மையா?

ஆமாம். ‘டால்ஸ்டாயும் காந்தியும்’ என்ற போட்டோமாண்டாஜ், பாரிஸ் காலத்தது. உப்புச் சத்தியாகிரகமும் வட்டமேசை மாநாடும் நடந்த வருடங்கள் அவை, காந்தியின் படம் ஐரோப்பியப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. டால்ஸ்டாய்க்கும் காந்திக்கும் கடிதத் தொடர்பு இருந்ததும் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை என்று காந்தி ஓர் இடம் அமைத்ததும் நமக்குத் தெரிந்ததுதான். இடதுசாரிக் குழுவில் வளர்ந்த இளைஞர் ஒருவர் வன்முறைக் காட்சிகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அதே மேசையில் இந்த இரண்டு பேரையும் எடுத்துச் சேர்த்திருக்கிறார். அவர் மனசு எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்ன.

சென்டென்ட்ரே என்று எல்லாரும் சொல்கிறார்களே, அங்கே அப்படி என்ன?

1690இல் ஒட்டோமான் படைகளுக்குப் பயந்து பெரும் எண்ணிக்கையில் செர்பியர்கள் தங்கள் மதத் தலைவரோடு வடக்கே ஹங்கேரிக்குள் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தங்கிய ஊர் இது. வியாபாரத்தில் பணம் சேர்ந்ததும் பதினெட்டாம் நூற்றாண்டில் தாங்கள் வைத்திருந்த மரக் கோயில்களைக் கல்லால் எடுத்துக் கட்டினார்கள், வெளியே பார்த்தால் மேற்கத்திய பரோக் கோபுரம், உள்ளே போனால் கிழக்கத்திய ஐகான் சுவர். கத்தோலிக்கர்களும் கிரேக்க வியாபாரிகளும் கூட இருந்தார்கள். முதன்மைச் சதுக்கத்தின் நடுவில் செர்பிய வணிகர்கள் 1763இல் நிறுத்திய சிலுவை இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டு வந்தபோது செர்பியர்களில் பெரும்பாலானவர்கள் போய்விட்டிருந்தார்கள், கோயில்களும் கல்லறைகளும் மட்டும் மிச்சம்.

1920களின் கடைசியில் இங்கே ஓவியர் குடியிருப்பு ஒன்றும் உருவாகிவிட்டது. அழகான ஊர், ஆறு, மலைச்சரிவு, பழைய வீடுகள், வரைய வேறென்ன வேண்டும். அங்கே வந்தவர்களில் பலர் இயற்கைக் காட்சி வரைந்தார்கள். வைடா அதே தெருக்களில் நடந்துவிட்டு வேறு ஒன்றைச் செய்தார்.

என்ன செய்தார்?

சேகரித்தார். 1935, 1936 கோடைகளில் வைடாவும் கோர்னிஷும் சென்டென்ட்ரேயிலும் ஆற்றுக்கு நடுவே தீவில் உள்ள சிகெட்மொனோஷ்டோர் கிராமத்திலும் சுற்றி, வீட்டு முகப்பு, ஜன்னல் கம்பி, கதவு, கல்லறைக் கல், சாலையோரச் சிலுவை, வண்டிச் சக்கரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கோட்டுருவமாக எடுத்தார்கள். நிழல் கிடையாது, ஆழம் கிடையாது, மெல்லிய ஒரே கோடு.

மாதிரி யார் என்றால் பேலா பார்டோக்கும் ஸோல்தான் கோடாயும். அந்த இரண்டு இசையமைப்பாளர்களும் 1905 வாக்கிலிருந்து ஃபோனோகிராஃப் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் மெழுகு உருளைகளில் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்தார்கள். பார்டோக் ஹங்கேரியப் பாட்டோடு நிற்காமல் ருமேனிய, ஸ்லோவாக்கியப் பாடல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார், அதற்காகத் தேசியவாதிகளிடம் வசவும் வாங்கினார். கிடைத்த மெட்டை அப்படியே எடுத்து அலங்காரம் செய்து பரிமாறாமல் அதன் உள் ஒழுங்கைப் புரிந்துகொண்டு அதிலிருந்து புதிய இசையைக் கட்டினார். ஓவியத்தில் இதைச் செய்ய முடியுமா என்பதுதான் வைடாவின் கேள்வி. 1936இல் தான் காதலித்த யூலியா ரிக்தருக்கு எழுதிய கடிதங்களில் இதை விளக்கமாக எழுதியிருக்கிறார். பாரிஸ் ஒரு பக்கம், ரஷ்யா ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தங்களுக்கு இரண்டையும் இணைக்கும் பாலம் கட்டுகிற வேலை இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். 1936இல் மத்திய ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒருவர் எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள், ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

படத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறதே, எப்படிப் பார்ப்பது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், வைடாவின் சாரமே இங்கேதான் இருக்கிறது.

தெருவில் எடுத்த கோட்டுருவங்களை அவர் பிறகு ஒரே தாளில் சேர்த்தார். வீடு ஒன்று, அதன் சுவர்க் கோடு அப்படியே ஓடி ஒரு முகத்தின் கன்னமாக மாறும். சிலுவையின் அடி ஒரு மேசையின் கால் மேல் விழும். நாற்காலி, தேவதை, கோபுரம், கத்தி எல்லாம் ஒரே இடத்தில். சாதாரணமாக நாம் ஒரு பொருளை இன்னொன்றின் முன்னால் வரைந்தால் பின்னால் இருப்பது மறைந்துபோகும், முன்னால் இருப்பதுதான் ஜெயிக்கும். வைடாவின் படத்தில் எதுவும் எதையும் மறைப்பதில்லை. கண்ணாடித் தாள்களை அடுக்கிப் பார்ப்பதுபோல எல்லாமே ஊடுருவித் தெரியும், எல்லாவற்றுக்கும் சம உரிமை. செர்பியரின் சிலுவையும் கிராமத்து ஹங்கேரியரின் ஜன்னலும் யூத ஓவியரின் முகமும் ஒரே இடத்தை, ஒன்றை ஒன்று துரத்தாமல், பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் காலத்து அரசியல் முழுக்க யார் இந்த மண்ணுக்குச் சொந்தம், யாரை வெளியே தள்ளுவது என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்தபோது இவர் தன் கோட்டிலேயே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். கொடி பிடித்தோ கோஷம் எழுதியோ அவர் அதைச் சொல்லவில்லை, அதனால் ரொம்ப நாள் யாரும் கவனிக்கவும் இல்லை.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். ஏதாவது ஒரு கோட்டைப் பிடியுங்கள். அது எங்கே போகிறது, எதன் ஓரமாக இருந்து எதன் ஓரமாக மாறுகிறது என்று விரலால் தொடருவதுபோல் கண்ணால் தொடருங்கள். இரண்டு மூன்று கோடுகள் ஆனதும் படம் தானாகத் திறந்துகொள்ளும். வண்ணம் உள்ள படங்களில், உதாரணமாக 1937இல் செய்த ‘சிலுவையுடன் சென்டென்ட்ரே வீடுகள்’ என்ற டெம்பரா-கொலாஜில், ஒட்டிய துண்டு எங்கே முடிகிறது, தீட்டிய வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

இவையெல்லாம் பெரிய ஓவியத்துக்கான முன்வரைவுகள்தானே?

இல்லை. இந்தத் தப்பெண்ணம் ரொம்பப் பரவலாக இருக்கிறது. பென்சில், மை, பேஸ்டல், டெம்பரா, கரி, எல்லாமே காகிதத்தின்மேல். கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் என்பது அவரிடம் மிகவும் குறைவு. காசு இல்லாததும் ஒரு காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்கே யாராவது நூறு கேன்வாஸ் வாங்கிக் கொடுத்திருந்தாலும் இந்த ஊடுருவும் கோட்டுப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் அவர் செய்திருக்க முடியாது, அந்த வண்ணத்தின் இயல்பே மூடி மறைப்பது. அவர் யோசனைக்கு வெள்ளைத் தாளும் கோடும்தான் பொருந்தின. அவை முடிந்த படைப்புகள், அப்படித்தான் பார்க்க வேண்டும்.

யூதராகப் பிறந்தவர் ஏன் ஐகானும் சிலுவையும் வரைந்தார்?

மதம் மாறிவிட்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். ஐகான் அவருக்கு ஊரின் மொழி, சின்ன வயதிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த ஒன்று. அதோடு, ஐகான் ஓவியர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு அவரை ஈர்த்தது. அங்கே முகம் என்பது ஒரு குறிப்பிட்ட ஆளின் சாயலைக் காட்டுவதற்காக வரையப்படுவதில்லை, அந்த ஆளுக்கு அப்பால் உள்ள ஒன்றைக் காட்டுவதற்காக வரையப்படுகிறது.

1936இல் பேஸ்டலில் செய்த ‘மேல்நோக்கிச் சுட்டும் ஐகான் தன்னுருவப் படம்’ இதற்கு நல்ல உதாரணம். தன் முகத்தின்மேல் ஐகான் முகத்தை ஏற்றி, கையை உயர்த்தி வைத்திருக்கிறார். எது அவர், எது ஐகான் என்று பிரிக்க முயன்றால் முடியாது. பெருமிதமாகவோ தன்னைப் புனிதராக்கிக்கொள்வதாகவோ எனக்குத் தோன்றவில்லை. ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டவரின் முகம் அது.

அவரை சர்ரியலிஸ்ட் என்று சொல்லலாமா?

அவரே தன் முறையைக் கன்ஸ்ட்ரக்டிவ், சர்ரியலிஸ்ட் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துத்தான் குறிப்பிட்டார். கட்டுமானம் கன்ஸ்ட்ரக்டிவிசத்திலிருந்து, சம்பந்தமில்லாத பொருள்கள் சந்திப்பது சர்ரியலிசத்திலிருந்து. பிரெஞ்சு சர்ரியலிஸ்ட்கள் கனவுக்குள் போனார்கள், இவர் பொருள்களைத் தெருவிலிருந்து எடுத்தார். முத்திரை எதுவும் முழுசாக ஒட்டாது, விட்டுவிடலாம்.

1938க்கு அப்புறம் படங்கள் ஏன் இவ்வளவு இருண்டுபோகின்றன?

1938இல் யூதர்களுக்கு எதிரான முதல் சட்டம் ஹங்கேரியில் வந்தது, 1939இல் இரண்டாவது. அதே 1938இல்தான் வைடாவுக்கும் யூலியாவுக்கும் கல்யாணம். அந்த வருடத்திலிருந்து முகமூடிகள் வருகின்றன, கண்கள் குழிந்து, பாதி மனிதர் பாதி வேறு ஏதோ. ஐகான் முகம் மெல்ல மெல்ல முகமூடியாகத் திரிவதைப் படங்களை வரிசையாக வைத்தால் கண்கூடாகப் பார்க்கலாம். பிறகு ஆள் இல்லாத நிலப்பரப்புகள், பெயர் தெரியாத உயிரினங்கள்.

1940இல் வந்தவைதான் கடைசிப் பெரிய வேலை: பொட்டலம் கட்டும் பெரிய காகிதத்தில் கரியால் வரைந்த படங்கள். வீடு, ஜன்னல், சிலுவை எதுவும் மிச்சமில்லை. வேர் போலவும் குடல் போலவும் நார் போலவும் முறுக்கிக்கொண்டு தாள் முழுக்கப் பரவும் வடிவங்கள். ஆயிரக்கணக்கான சின்னக் கோடுகள். பழைய படங்களில் ஒரே கோடு ஒரு வீட்டை முழுசாகப் பிடித்துவிடும், இங்கே எத்தனை கோடு போட்டாலும் எதுவும் ஓர் உருவத்தில் நிற்பதில்லை. வரப்போகும் அழிவை முன்கூட்டியே வரைந்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். வரப்போவதைத் தெரிந்துகொள்ள 1940இல் தீர்க்கதரிசனம் தேவைப்படவில்லை, பக்கத்து நாடுகளில் நடந்துகொண்டேதான் இருந்தது. எனக்கு அந்தப் படங்களில் முக்கியமாகப் படுவது, அவ்வளவு இருட்டிலும் கையின் கட்டுப்பாடு குலையவில்லை என்பது. எங்கேயும் கிறுக்கல் இல்லை, அவசரம் இல்லை.

எப்படி இறந்தார்?

1940 இலையுதிர்காலத்தில் கட்டாய உழைப்புப் படைக்கு அழைக்கப்பட்டார். யூதர்களை ஆயுதம் தாங்க நம்பாத ஹங்கேரிய அரசு, அவர்களை இந்தப் படைகளில் போட்டு மண் வெட்டவும் சாலை போடவும் வைத்தது. ஏற்கெனவே பலவீனமான உடம்பு, அங்கே தாங்கவில்லை. நோயோடு விடுவிக்கப்பட்டார், மறு வருடம் காசநோயில் போய்விட்டார். காசநோய்க்கு வேலை செய்யும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்.

உயிரோடு இருந்தபோது யாருக்காவது அவரைத் தெரியுமா?

நண்பர்களுக்குத் தெரியும். 1937இலும் 1940இலும் புடாபெஸ்டில் ஓவியக்கூடத்துக்குள்ளேயே சின்னதாகக் கண்காட்சிகள் நடந்தன. முதல் பெரிய நினைவுக் கண்காட்சி 1943இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, போர் நடுவில். 1945இல் புடாபெஸ்டில் ‘ஐரோப்பியப் பள்ளி’ என்ற பெயரில் நவீன கலைஞர்கள் ஒன்றுகூடியபோது தங்கள் முன்னோடி என்று வைடாவைத்தான் முன்னால் வைத்தார்கள். மூன்று வருடம்தான், 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி இறுகியதும் அந்தக் குழு கலைந்தது. அப்புறம் சோஷலிச யதார்த்தவாதம் என்ற, அரசு விரும்பிய கலைப்பாணி தவிர மற்றதற்கு இடமில்லாத வருடங்கள், வைடாவின் தாள்கள் வீடுகளில் காத்திருந்தன.

அவ்வளவு காகிதத்தையும் பாதுகாத்தது யார்?

யூலியா. இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுத வேண்டும். 1913இல் பிறந்தவர், தானும் ஓவியர், ஐரோப்பியப் பள்ளி உறுப்பினர், 1982 வரை வாழ்ந்தார். போர், புடாபெஸ்ட் முற்றுகை, அதற்கப்புறம் அலட்சியத்தின் நீண்ட வருடங்கள், எல்லாவற்றையும் தாண்டி அந்தத் தாள்கள் நம் கைக்கு வந்ததற்கு முதல் காரணம் இவர்தான். கரியில் வரைந்த பெரிய தாள் எவ்வளவு எளிதில் கெட்டுப்போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும், ஒரு தடவை உள்ளங்கை பட்டால் போதும். வைடாவின் மனைவி என்ற அடையாளத்தோடு இவரை முடித்துவிடுவது நியாயமே இல்லை, அவருடைய சொந்த ஓவியங்களும் தேடிப் பார்க்க வேண்டியவை. யூலியாவின் சகோதரியை மணந்த எண்ட்ரே பாலின்ட்டும் ஓவியர், வைடாவிடமிருந்து நேரடியாகக் கற்றுக்கொண்டு தன் வழியில் வெகுதூரம் போனவர்.

அம்ரிதா ஷெர்-கிலோடு ஒப்பிடலாமா?

ஒரே பள்ளி என்று சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அம்ரிதா 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர், அவரும் 1934 வரை பாரிஸில் படித்தார், வைடா அங்கே இருந்த அதே வருடங்கள். இருவருமே 1934இல் பாரிஸை விட்டு, தங்களுடையது என்று நினைத்த மண்ணுக்குத் திரும்பி, மேற்கில் கற்றதை வைத்து அந்த மண்ணின் பழைய கலையை எப்படித் தொடுவது என்று யோசித்தார்கள். வைடா சென்டென்ட்ரே கல்லறைகளில் கோடு எடுத்துக்கொண்டிருந்த அடுத்த குளிர்காலத்தில் அம்ரிதா அஜந்தா, எல்லோரா பார்த்துவிட்டுக் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள், கன்னியாகுமரி என்று தெற்கே வந்தார். அதிலிருந்துதான் 1937இல் ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்ற மூன்று பெரிய ஓவியங்கள் வந்தன. அம்ரிதாவின் பதில் உடம்புகளும் அடர்ந்த வண்ணமும், வைடாவின் பதில் கோடு. 1941 டிசம்பரில், வைடா இறந்து மூன்று மாதத்தில், அம்ரிதாவும் லாகூரில் இறந்தார், வயது 28.

இவ்வளவு இருந்தும் ஏன் வெளியே தெரியவில்லை?

முதல் காரணம், அவர் திரும்பி வந்துவிட்டார். வாஸரெலி, மொஹோய்-நாஜ், கெபெஷ் எல்லாரும் வெளியே போய்ப் பெயர் எடுத்தவர்கள், அங்குள்ள அருங்காட்சியகங்களும் விமர்சகர்களும் அவர்களைத் தங்கள் கதையில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது, காகிதம். காகிதப் படைப்புகளுக்கு வெளிச்சம் எதிரி. கண்காட்சியில் 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சத்தில்தான் வைப்பார்கள், அதுவும் சில மாதம்தான், பிறகு பெட்டிக்குள் ஓய்வு. நிரந்தரமாகச் சுவரில் தொங்கி, வருகிறவர் போகிறவர் கண்ணில் பட்டுப் புகழ் அடையும் வாய்ப்பு இந்தப் படங்களுக்கு இல்லை. மூன்றாவது, கணினித் திரையில் சின்னதாக்கிப் பார்த்தால் அந்த மெல்லிய கோடுகள் கிட்டத்தட்டக் காணாமலேயே போய்விடும். முடிந்த மட்டும் பெரிய அளவில் உள்ள படக்கோப்பைத் திறந்து பாருங்கள்.

சொந்த நாட்டில் மெல்ல மெல்ல மீட்டெடுத்தார்கள். 1972இல் சென்டென்ட்ரேயில் முறையான ஓவியக் கல்விக்கு வெளியே இருந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து தங்கள் குழுவுக்கு வைடா லயோஷ் ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார்கள், நிலவறை ஒன்றில் கண்காட்சிகள் நடத்தினார்கள். அதிகாரிகளுக்குத் தலைவலியாக இருந்த கூட்டம் அது, அதிலிருந்து 1980இல் ஒரு ராக் இசைக்குழுகூடக் கிளம்பியது. 1986இல் வைடாவுக்கென்று அதே ஊரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2008இல், பிறந்து நூறாவது ஆண்டில், ஹங்கேரிய தேசியக் காட்சியகத்தில் பெரிய கண்காட்சி நடந்தது.

நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?

புடாபெஸ்டில் பத்தியானி சதுக்கத்திலிருந்து எச்5 புறநகர் ரயில் சென்டென்ட்ரே வரை போகிறது, சுமார் 40 நிமிடம். வைடாவின் படைப்புகளில் முக்கியமானவை அந்த ஊர் அருங்காட்சியகச் சேகரிப்பிலும் புடாபெஸ்ட் தேசியக் காட்சியகத்திலும் இருக்கின்றன. நான் மேலே சொன்ன வெளிச்சக் காரணத்தால் எந்த நேரத்தில் எது சுவரில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், போவதற்கு முன்னால் அருங்காட்சியகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். படங்கள் எதுவும் அன்று காட்சிக்கு இல்லையென்றாலும் ஊரைச் சுற்றுங்கள், ஜன்னல் கம்பிகளையும் கதவுகளையும் கொஞ்சம் நின்று பாருங்கள், அவர் எடுத்த கோடுகள் பல அங்கேதான் இருக்கின்றன.

வைடா பிடித்துப்போனால் அடுத்து யாரைப் பார்க்கலாம்?

நேராக டெஷோ கோர்னிஷிடம் போங்கள். இருவரும் சேர்ந்து சேகரித்த அதே பொருள்களை அவர் கெட்டியான வண்ணத்தில், கணக்காக அளந்து வைத்தாற்போல் பயன்படுத்துவதைப் பார்த்தால் வைடாவின் கோடு எவ்வளவு தனியானது என்று விளங்கும். அடுத்து எண்ட்ரே பாலின்ட், பிறகு லிலி ஓர்சாக் (1926-1978), அவருடைய சுவர்களும் பழைய எழுத்துகளும் ஐகான்களும் வைடா விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோல இருக்கும்.

இம்ரே ஆமோஷையும் விடாதீர்கள். 1907இல் பிறந்தவர், 1937இல் பாரிஸில் ஓவியர் மார்க் ஷகாலைச் சந்தித்தவர், அவரும் உழைப்புப் படையில் அலைக்கழிக்கப்பட்டு 1944இல் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. அந்தக் கடைசி வருடத்தில்கூட ஒரு சின்ன நோட்டில் வரைந்துகொண்டே இருந்திருக்கிறார், அந்த நோட்டு தப்பிவிட்டது. அவர் மனைவி மர்கித் அன்னாவும் ஓவியர், போருக்கு அப்புறம் பொம்மைகளை வரைய ஆரம்பித்து 1991 வரை வாழ்ந்தவர். இந்தத் தம்பதிக்கும் சென்டென்ட்ரேயில் தனி அருங்காட்சியகம் உண்டு, வைடாவைப் பார்க்கப் போகும் அதே நாளில் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.